டயர் சைஸ் மாற்றிய பிறகு மீட்டர் தப்பாகக் காட்டுகிறதா? லாரி, பிக்கப் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது ஒரு தடவை டயர் சைஸை மாற்றியிருப்பார்கள். லோடு தாங்கணும், பள்ளத்தில் அடி தட்டக் கூடாது, கடையில் அந்த சைஸ்தான் ஸ்டாக் இருந்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதற்கப்புறம் மீட்டரில் வேகமும் கிலோமீட்டரும் மாறிப்போய், அதை வைத்து ஓனருக்கும் டிரைவருக்கும் சண்டை வருவது வரைக்கும் போகிறது. அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. கணக்கு கொஞ்சம் வரும், பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

பெரிய டயர் போட்டால் மீட்டர் ஏன் குறைவாகக் காட்டுகிறது?

மீட்டருக்கு ரோடு தெரியாது. பெரும்பாலான லாரி, பிக்கப்பில் கியர் பாக்ஸின் பின்பக்கம் வெளியே வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை மட்டும்தான் அது எண்ணுகிறது. இத்தனை சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர் என்று கம்பெனியில் ஒரு தடவை முடிவு செய்து வைத்துவிட்டார்கள். டயர் பெரிதானால் அதே ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போகும், மீட்டரோ பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் உண்மை வேகம் கூட, காட்டும் வேகம் குறைவு. சின்ன டயர் போட்டால் இதுவே தலைகீழ்.

கணக்கு இதுதான்: மீட்டர் காட்டும் வேகத்தைப் புது டயரின் சுற்றளவால் பெருக்கி, பழைய டயரின் சுற்றளவால் வகுக்க வேண்டும். சுற்றளவு தெரியாவிட்டால் விட்டத்தை வைத்தும் போடலாம்.

டயர் மேல் இருக்கும் எண்ணை வைத்து விட்டத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். சின்ன பிக்கப்பில் 215/75 ஆர்15 கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 235 என்பது மில்லிமீட்டரில் அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 75 சதவீதம், அதாவது 176.25 மி.மீ. மேலேயும் கீழேயும் சேர்த்தால் 352.5. ரிம் 15 அங்குலம் என்றால் 381 மி.மீ. மொத்தம் 733.5 மி.மீ. 215-க்கு இதே கணக்குப் போட்டால் 703.5 வரும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.043, அதாவது 4.3 சதவீதம். மீட்டரில் 60 என்றால் உண்மையில் 62.6, மீட்டரில் 80 என்றால் 83.4.

10.00 ஆர்20, 8.25-16 மாதிரி பழைய பாணி எண்களில் சதவீதம் எழுதியிருக்காது, அதற்கு டயர் கம்பெனியின் அளவு அட்டவணையைத்தான் பார்க்கணும். தோராயமாகச் சொன்னால் 9.00 ஆர்20 விட்டம் 1018 மி.மீ., 10.00 ஆர்20 1052, 11.00 ஆர்20 1082. ஆகவே 9.00-லிருந்து 10.00-க்குப் போனால் 3.3 சதவீதம், 10.00-லிருந்து 11.00-க்குப் போனால் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. 10.00 ஆர்20-க்குப் பதிலாக 295/90 ஆர்20 போட்டவர்கள் மீட்டரைத் தொடவே வேண்டாம், வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வரும், அதுவும் விட்டம் குறையும் பக்கம். ஆனால் டாடா 407 மாதிரி வண்டியில் 7.50-16 எடுத்துவிட்டு 8.25-16 ஏற்றினால் ஏழு சதவீதத்துக்குக் கிட்ட வரும், அதைச் சும்மா விடக் கூடாது.

இந்தக் கணக்கு போதுமா, இல்லை அளந்து பார்க்கணுமா?

அளந்து பார்ப்பதுதான் நல்லது. லோடு ஏறினால் டயர் அடியில் நசுங்கும், அதனால் உருளும் சுற்றளவு ஏட்டுக் கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். விட்டத்தை 3.14-ஆல் பெருக்காமல் 3.05-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய சரியாக வரும் என்பது நடைமுறைக் கணக்கு.

அளக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். வழக்கமாக ஏற்றும் லோடோடு, காற்று சரியாகப் பிடித்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். லாரி ஸ்டாண்டு தரையோ எடைமேடைக்கு முன்னால் இருக்கும் சிமெண்ட் தளமோ போதும். பின் டயரின் பக்கச்சுவரில், தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு. இப்போது ஒருத்தர் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து முதல் கியரில் மெதுவாக நகர்த்த, இன்னொருத்தர் பக்கத்திலேயே நடந்து வந்து டயரில் இருக்கும் கோடு கீழே வரும்போதெல்லாம் எண்ணணும். ஐந்தாவது தடவை கோடு தரையைத் தொட்டதும் நிறுத்தி, அங்கே தரையில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் டேப் பிடித்து, வரும் நீளத்தை ஐந்தால் வகுத்தால் அதுதான் உங்கள் டயரின் உண்மையான உருளும் சுற்றளவு. ஒரே சுற்று மட்டும் அளந்தால் இரண்டு சென்டிமீட்டர் பிசகினாலும் கணக்குக் கெட்டுவிடும், அதனால்தான் ஐந்து சுற்று. 10.00 ஆர்20 என்றால் 3.2 மீட்டர் பக்கம் வரும், 235/75 ஆர்15 என்றால் 2.24 மீட்டர் பக்கம்.

பழைய டயர் ஸ்டெப்னியிலாவது இருந்தால் அதையும் மாட்டி இதே மாதிரி அளந்துவிடுங்கள், ஒப்பிட அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

நேராக மீட்டரைச் சரிசெய்துவிடலாமா?

வேண்டாம், முதலில் சோதிக்கணும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

கம்பெனியிலிருந்து வரும்போதே வேகமுள் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். மீட்டர் ஒருபோதும் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டினால் ஒரு எல்லை வரை பரவாயில்லை என்பது பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. 39-ஆம் விதிமுறையின் அடிப்படை. உண்மை வேகத்தில் 10 சதவீதமும் அதற்கு மேல் சில கிலோமீட்டரும் கூட்டிக் காட்ட அது இடம் தருகிறது. அதனால் தயாரிப்பாளர்கள் முன்ஜாக்கிரதையாக முள்ளை மேல்பக்கமே வைக்கிறார்கள். பழைய டயரோடு மீட்டர் 60 காட்டும்போது வண்டி 57-தான் போயிருக்கலாம். அப்படியானால் 4.3 சதவீதம் பெரிய டயர் போட்ட பிறகு அது 59.5 ஆகும். முள் இப்போதுதான் சரியாகக் காட்டுகிறது, இதைப் போய்த் திருத்தினால் பழையபடி தப்பாகிவிடும்!

ஆனால் கிலோமீட்டர் எண்ணும் பகுதி அப்படி இல்லை. அதில் கம்பெனி பொதுவாகக் கூட்டி வைப்பதில்லை, ஏறக்குறைய உண்மையாகத்தான் ஓடும். ஆகவே பெரிய டயர் போட்டதும் முள் சரியாகிவிட்டு, கிலோமீட்டர் மட்டும் நாலு சதவீதம் குறைந்து ஓட நிறைய வாய்ப்பு உண்டு. முள்ளைத் தனியாகவும் கிலோமீட்டரைத் தனியாகவும் சோதியுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

எங்கே, எப்படிச் சோதிப்பது?

நம் பக்கத்தில் தேசிய நெடுஞ்சாலை 48 இருக்கும்போது வேறு இடம் தேட வேண்டாம். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ஆம்பூர் பக்கம் போகும்போது கூட்டமில்லாத காலை நேரத்தில் வேகத்தை ஒரே சீராகப் பிடிக்கலாம். போன் ஜிபிஎஸ் வேகத்தைக் கிளீனர் பார்க்கட்டும், ஓட்டுபவர் பார்க்கவே கூடாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது ஜிபிஎஸ் சற்றுப் பின்தங்கும், அதனால் முள் 60-ல் நின்று கொஞ்ச நேரம் ஆன பிறகு வரும் எண்ணைத்தான் எழுதிக்கொள்ளணும். 40, 60, 70 என்று மூன்று வேகத்திலும் பாருங்கள்.

போனை நம்பாதவர்களுக்குக் கிலோமீட்டர் கல் இருக்கிறது. முள்ளை 60-லேயே வைத்து, ஒரு கல்லில் தொடங்கி அடுத்த பத்து கிலோமீட்டர் கல்லைக் கடந்தால் சரியாகப் பத்து நிமிடம் ஆகணும். 9 நிமிடம் 35 விநாடியில் கடந்துவிட்டால் உண்மை வேகம் 62.6. அதே ஓட்டத்தில் மீட்டரின் கிலோமீட்டர் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து கல்லுக்கு மீட்டர் 9.6 காட்டினால் டயர் வித்தியாசம் அங்கே தெரிகிறது. ஒரே ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் பார்க்காதீர்கள், கல் நட்ட இடம் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும்.

டயர் மாற்றியதிலிருந்து மைலேஜ் குறைந்துவிட்டது. டிரைவர் டீசல் எடுக்கிறாரா?

தயவுசெய்து கணக்குப் போடாமல் அந்த வார்த்தையை வாயில் எடுக்காதீர்கள். வேலூரிலிருந்து சென்னை போய்வர சுமார் 280 கிலோமீட்டர். 4.3 சதவீதம் பெரிய டயர் போட்ட வண்டியில் மீட்டர் 268-தான் காட்டும். 22 லிட்டர் டீசல் செலவாகியிருந்தால் உண்மை மைலேஜ் 12.7, ஆனால் மீட்டரை வைத்துக் கணக்குப் போடும் ஓனருக்கு 12.2-தான் வரும். லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, எண்ணப்படவே இல்லை. மாசம் முழுக்க இதே மாதிரி சேர்ந்தால் பல லிட்டர் டீசல் டிரைவர் தலையில் எழுதப்படும். கிலோமீட்டர் கணக்கில் பேட்டா கொடுப்பவர்களிடம் வேலை செய்தால் கையில் வரும் காசும் குறையும். அதுவும் போக, நல்ல டிரைவர் இந்தப் பழியைக் கேட்டுவிட்டு அடுத்த மாசம் உங்கள் வண்டியில் இருக்க மாட்டார்.

ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டியிருந்தால் ஒரு வழி இருக்கிறது. டிராக்கர் காட்டும் தூரத்துக்கும் டயருக்கும் சம்பந்தமில்லை. ஒரே டிரிப்பில் டிராக்கர் கிலோமீட்டரை மீட்டர் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள், 1.04 மாதிரி வந்தால் விஷயம் டயர்தான். மீட்டரைச் சரிசெய்யும் வரை கிலோமீட்டரை அந்த எண்ணால் பெருக்கிவிட்டு மைலேஜ் போடுங்கள். டிரைவர்களுக்கும் ஒரு வார்த்தை: டயர் மாற்றிய தேதி, அன்றைய மீட்டர் ரீடிங், பழைய சைஸ், புது சைஸ் இந்த நாலையும் டிரிப் நோட்டில் எழுதி வையுங்கள். "அண்ணே, அன்னிக்கு டயர் மாத்தினோமே" என்று வாயால் சொல்வதைவிட எழுதி வைத்தது நிற்கும்.

பெரிய டயரால் உண்மையாகவே மைலேஜ் குறைய வாய்ப்பு இல்லையா என்றால், இருக்கிறது. எடை கூடும், ஏற்றத்தில் இழுவை குறைந்து சின்ன கியரில் கூடுதல் நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். ஆனால் அதைக் கண்டுபிடிக்கக் கூட முதலில் கிலோமீட்டர் கணக்கு சரியாக இருக்கணும்.

பழைய கேபிள் மீட்டரை எப்படிச் சரிசெய்வது?

கேபிள் மீட்டர் எளிமையானது. கியர் பாக்ஸ் பின்பக்கம் பினியன் என்ற சின்ன பல்சக்கரம் சுற்றுகிறது, அது கேபிளைச் சுழற்றுகிறது, கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தம் அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்த, முள் நடுவில் நிற்கிறது. கிலோமீட்டர் எண்கள் அதே கேபிளில் பல்சக்கரம் வழியாக ஓடுகின்றன.

சரிசெய்ய வேண்டியது கியர் பாக்ஸ் முனையில் இருக்கும் அந்தப் பினியனைத்தான். கேபிள் நட்டைக் கழற்றி, பிடிமான போல்ட்டைத் தளர்த்தினால் உறையோடு வெளியே வரும். கொஞ்சம் ஆயிலும் சொட்டும், கீழே டப்பா வையுங்கள். பல்லை எண்ணுங்கள். பெரிய டயருக்குப் பல் குறைவான பினியன் வேண்டும், அப்போதுதான் கேபிள் வேகமாகச் சுற்றும். 20 பல் இருந்த இடத்தில் 19 பல் போட்டால் 5.3 சதவீதம் கூடும். நம் 4.3 சதவீத உதாரணத்துக்கு இது போட்டால் ஒரு சதவீதம் மிகையாகக் காட்டும், அந்தப் பக்கம் இருப்பது நல்லதுதான். எல்லா எண்ணிக்கையிலும் பினியன் கிடைக்காது, சிலதுக்கு உறையும் சேர்த்து மாற்றணும், அதனால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே ஸ்பேர்ஸ் கடைக்குப் போங்கள். திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். பொருத்தமான பினியன் கிடைக்காவிட்டால் கேபிளுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் மாட்டும் சின்ன பல்சக்கரப் பெட்டி ஒன்று உண்டு, மீட்டர் ரிப்பேர் செய்பவர்கள் செய்து தருவார்கள்.

மீட்டரைத் திறந்து முள்ளை மட்டும் நகர்த்தி வைக்க விடாதீர்கள். வேகம் ஓரளவு சரியாகத் தெரியும், கிலோமீட்டர் தப்பு அப்படியே இருக்கும்.

முள் ஆடிக்கொண்டே இருக்கிறது, அதுவும் டயராலா?

இல்லை. கேபிள் காய்ந்திருக்கும், இல்லை எங்கேயோ மடங்கியிருக்கும். டயர் வித்தியாசம் முள்ளை ஆட்டாது.

சென்சார் வைத்த வண்டிகளில்? புது புகை விதிப்படி வந்த பிஎஸ்6-ல்?

இங்கே பல் மாற்றும் வேலை இல்லை. சென்சார் அனுப்பும் துடிப்புகளை எண்ணி மீட்டரோ, இசியு என்ற வண்டியின் கம்ப்யூட்டரோ அதை வேகமாக மாற்றுகிறது, டயர் சுற்றளவு அதற்குள் ஒரு எண்ணாக எழுதியிருக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு அந்த எண்ணை மாற்ற முடியும். எல்லா மாடலுக்கும் எல்லா சைஸும் அனுமதிக்கப்பட்டிருக்காது, அந்த மாடலுக்குக் கம்பெனியே தரும் சைஸ்களில் ஒன்றாக இருந்தால் வேலை சுலபம். போகும்போது சாக்பீஸ் வைத்து அளந்த சுற்றளவைக் கையில் கொண்டு போங்கள், பேச்சு சீக்கிரம் முடியும்.

சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவில் மாட்டும் கன்வெர்ட்டர் பெட்டிகளும் விற்கிறார்கள். பழைய சென்சார் வண்டி, ஒரே ஒயர் மீட்டருக்குப் போகிறது என்றால் அது வேலை செய்யும். பிஎஸ்6 வண்டியில் வேகத் தகவல் இன்ஜின், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு), மீட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே தகவல் லைனில் போவதால் நடுவில் ஒயரை வெட்டி ஒட்டுவது நல்லதல்ல. வாரண்டியும் போகும்.

முன் டயர் மட்டும் மாற்றினால் மீட்டர் மாறுமா?

கியர் பாக்ஸிலிருந்து எண்ணும் வண்டியில் மாறாது, பின் சக்கரம்தான் கணக்கு. ஆனால் ஏபிஎஸ் இருக்கும் வண்டியில் முன்னும் பின்னும் சுற்றளவு அதிகம் வேறுபட்டால், ஒரு சக்கரம் வழுக்குகிறது என்று நினைத்து எச்சரிக்கை விளக்கு எரியலாம். பின்பக்கம் ஜோடி டயரில் ஒன்று பெரிது ஒன்று சின்னது என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், பெரியதே சுமையைத் தாங்கிச் சூடாகி வெடிக்கும்.

தேய்ந்த டயரும் ரீட்ரெட் (மேல் ரப்பர் புதிதாக ஒட்டிய) டயரும் மீட்டரை மாற்றுமா?

மாற்றும். 15 மி.மீ. பட்டன் (டயரின் மேல்பக்க ரப்பர் பள்ளத்தின் ஆழம்) 3 மி.மீ.க்குத் தேய்ந்தால் விட்டத்தில் 24 மி.மீ. குறையும், 1052-ல் அது 2.3 சதவீதம். அதனால் மொட்டை டயரோடு ஒரு தடவை, புது டயரோடு ஒரு தடவை அளந்துவிட்டு மீட்டர் கெட்டுப்போச்சு என்று சொல்லக் கூடாது. மீட்டரைத் திருத்துவதானால் பாதி தேய்ந்த நிலையை நடுவாக வைத்துத் திருத்தலாம், ஆனால் புது டயரில் குறைவாகக் காட்டாமல் பார்த்துக்கொள்ளணும்.

கிரவுன் பினியன் (பின் அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி) மாற்றினேன், டயர் மாற்றவில்லை. ஆனாலும் மீட்டர் தப்பு.

அதுவும் இதே கதைதான், டயரைவிடப் பெரிய வித்தியாசம். 41/6 பல் இருந்த இடத்தில் 41/7 போட்டால் விகிதம் 6.83-லிருந்து 5.86-க்கு இறங்கும். உண்மையில் 60 போகும்போது மீட்டர் 51-தான் காட்டும். இதை உடனே சரிசெய்யுங்கள், டிரைவர் தெரியாமலேயே எல்லை தாண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஸ்பீடு கவர்னர், எஃப்.சி (தகுதிச் சான்று) விஷயம் என்ன?

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117 வேகமானி பற்றியது, 118 வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பற்றியது. பொதுவாக சரக்கு வண்டிக்குக் கவர்னர் 80-ல் நிற்கணும், டேங்கர், டிப்பர் வகைகளுக்கு 60. கவர்னரும் அதே சென்சாரை நம்பி வேலை செய்வதால் 4.3 சதவீதம் பெரிய டயர் போட்டால் 80-ல் நிறுத்த வேண்டியது 83-ல் நிறுத்தும். சீலை நீங்களே உடைக்காதீர்கள், மாட்டிய டீலரிடமே திரும்பச் செட் செய்து சான்று வாங்குங்கள்.

போலீஸ் வேகக் கேமராவும் உங்கள் மீட்டரைப் பார்ப்பதில்லை, வண்டியின் உண்மை வேகத்தைத்தான் பார்க்கிறது. இன்னொன்று, வணிக வாகனங்களின் ஆர்.சி பதிவில் டயர் அளவும் இருக்கும். கம்பெனி அங்கீகரித்த சைஸுக்கு வெளியே போனால் எஃப்.சி-யிலும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் கேள்வி வரும். டயர் வாங்குவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

ஏலகிரி ஏறும்போது வண்டி முன்பு மாதிரி இழுக்கவில்லை. மீட்டரைச் சரிசெய்தால் சரியாகுமா?

ஆகாது. பெரிய டயர் கியரையே கொஞ்சம் உயர்த்தியது மாதிரி, நாலு சதவீதம் பெரிது என்றால் சக்கரம் ரோட்டில் தள்ளும் விசையும் கிட்டத்தட்ட நாலு சதவீதம் குறையும். பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் லோடோடு ஏறும்போது அது தெரியத்தான் செய்யும். இறங்கும்போது பிரேக்குக்கும் இதே கணக்கு பொருந்தும், ஒரு கியர் குறைத்தே இறங்குங்கள்.

ஆயில் சர்வீஸை முன்கூட்டியே செய்யணுமா?

அவசியமில்லை. மீட்டர் எண்ணுவது ஷாஃப்ட் சுற்றைத்தான், இன்ஜினும் கியர் பாக்ஸும் உழைத்தது அந்தச் சுற்றுக் கணக்கில்தான். ஆகவே திருத்தாத மீட்டரை வைத்தே ஆயில் மாற்றலாம். டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்குதான் தப்பாகும், டயர் கம்பெனியிடம் வாரண்டி கேட்கும்போது அதைத் திருத்திச் சொல்லுங்கள்.

சரிசெய்யும்போது பழைய கிலோமீட்டரையும் மாற்றிவிடலாமா?

கூடாது. இனி ஓடுவது சரியாக எண்ணப்படணும், அவ்வளவுதான் வேலை. ஏற்கெனவே ஓடிய எண் அப்படியே இருக்கட்டும். அதைத் தொட்டால் நாளைக்கு வண்டியை வாங்குபவரை ஏமாற்றியதாகிவிடும். எந்த ரீடிங்கில் திருத்தினீர்கள் என்பதை சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, வேலை செய்தவரிடம் பில் வாங்கி அதோடு வைத்துவிடுங்கள்.